சாவதற்கு அனுமதி

“மூக்கைச் சுளிக்காதீங்க. அது மேலதான் என் பொழப்பே உக்காந்திருக்கு” என்று சொல்லிக்கொண்டே அக்கா புதுக் கண்ணாடியை வந்தவர் முகத்தில் மாட்டுகிறார். ஓரடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்க்கிறார். இடது பக்கம் லேசாக இறங்கியிருக்கிறது. உலகத்தில் யாருக்கும் இரண்டு காதும் ஒரே உயரத்தில் இல்லை, கடவுள் அவசரத்தில் ஒட்டிவிட்டார் என்பது அக்காவின் கட்சி. கண்ணாடியைக் கழற்றி அதன் காலைச் சூடான மணலில் செருகி எடுத்து, கட்டைவிரலால் ஒரு வளை வளைத்து, மறுபடி மாட்டுகிறார். “இப்பத் தலையை ஆட்டுங்க. அப்படி இல்ல, வீட்டுல ஆட்டற மாதிரி நல்லா ஆட்டுங்க.” வந்தவர் ஆட்டுகிறார். கண்ணாடி அசையவில்லை. அக்கா சிரிக்கத் தொடங்குகிறார்.

அந்தச் சிரிப்புக்கு இரண்டு பகுதி உண்டு. முதலில் மூக்கோடு ஒரு சின்னச் சிரிப்பு வரும். முடிந்துவிட்டது என்று நினைத்து எதிரில் இருப்பவர் பேச வாயெடுக்கும்போது, அடிவயிற்றிலிருந்து இரண்டாவது கிளம்பும். பக்கத்துக் கடையில் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர், “அக்கா, சிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு குரல் கொடுங்க, ஸ்க்ரூ எங்கயோ பறந்துடுச்சு” என்று கெஞ்சியிருக்கிறார். எதிரே பேருந்து நிறுத்தம். அங்கே வந்து நிற்கும் அரசுப் பேருந்து ஒன்றை ஓட்டுபவர் அக்காவின் கணவர். சிரிப்புச் சத்தம் கேட்டால் நடத்துநர் விசில் கொடுப்பதற்கு முன் திரும்பிப் பார்த்து, “வீட்டுல எல்லாம் சௌக்கியம் போல, போலாம் ரைட்” என்பார். டிரைவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டு கியரைப் போடுவார்.

கடை ஒடுக்கமானது. ஒரு சுவர் முழுக்க ஃபிரேம், எதிர்ச்சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி, நடுவில் ஒரு நாற்காலி. அக்காவின் கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி ஒன்று தொங்கும், தலைமேல் ஒன்று ஏறியிருக்கும், மூன்றாவதைக் கடை பூராவும் தேடிக்கொண்டிருப்பார். யாருடைய கண்ணாடியைச் சரிசெய்தாலும் அதை முதலில் தானே போட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். “அவங்க உலகத்தை எப்படிப் பாக்கறாங்கன்னு தெரிஞ்சுக்க வேணாமா?” என்பார். அப்படித் தெரிந்துகொண்டு நடந்ததில் கதவு நிலையில் இடித்துக்கொண்ட தழும்பு ஒன்று நெற்றியில் இருக்கிறது. படிக்கும் கண்ணாடி போட்டால் கிழமாகிவிடுவோம் என்று அஞ்சி வருபவர்களுக்கு அவரிடம் ஒரு மருந்து உண்டு. “உங்களுக்கு ஒண்ணும் வயசாகலைங்க. பேப்பர்க்காரன்தான் எழுத்தைச் சின்னதாக்கிட்டான்” என்பார். அவர்கள் உச்சி குளிர்ந்து, இரண்டாக வாங்கிக்கொண்டு போவார்கள்.

இந்த அக்காதான் ஊர் நாடகக் குழுவின் சிரிப்பு நடிகை. குழு என்றால் பெரிதாக ஒன்றும் கற்பனை செய்ய வேண்டாம். கடைப் பலகை எழுதும் பெயிண்டர் நாடகம் எழுதி இயக்குவார். ரொட்டிக் கடைக்காரர், தையல்காரர், சங்கீத டீச்சர், இன்னும் சிலர் நடிப்பார்கள். நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் நகராட்சி மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் காட்சி. அக்கா காது கேளாத வீட்டுக்காரியாக வருவார், கல்யாணத் தரகராக வருவார், திருடனின் அத்தையாக வருவார். அவர் மேடைக்கு வந்து வாயைத் திறப்பதற்குள் சபை சிரித்துவிடும். “நான் இன்னும் வசனமே சொல்லலையே!” என்று அவர் சபையைக் கோபித்துக்கொண்டால் அதற்கும் சிரிக்கும்.

டிரைவர் அந்தக் குழுவின் நிரந்தர ராஜா. இன்ஜின் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல் அவருக்கு. ஆனால் மனுஷர் அப்படியே நேர் எதிர். யார் கை காட்டினாலும் பேருந்தை நிறுத்துவார். சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கும் நண்பனுக்குக் கை காட்டியவனுக்காகக்கூட நிறுத்தி, அவனை வலுக்கட்டாயமாக ஏற்றிக்கொண்டு போன கதை ஒன்று ஊரில் உண்டு. “இல்லை” என்ற சொல் அவர் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை. மேடையில் தலைகளைச் சீவச் சொல்லும் அதே வாய், வீட்டில் “சரிம்மா” என்பதோடு நிற்கும். அவருடைய கிரீடம் பழைய விளம்பரத் தகரத்தில் பெயிண்டர் வெட்டிக் கொடுத்தது. வெளியே தங்க வர்ணம். உள்ளே இன்னும் ‘பல்வலியா?’ என்று கேட்டுக்கொண்டிருக்கும்.

குழுவுக்கு ஒரே ஒரு சட்டம். மேடையில் எதிரே நிற்பவர் கேள்வி கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். வசனம் மறந்து போகட்டும், தாடி கழன்று விழட்டும், போட்ட வேஷத்துக்கு ஏற்றபடி எதையாவது சொல்லி நாடகத்தை நகர்த்த வேண்டும். ஒருமுறை காதலனும் காதலியும் வசனத்தை மறந்து ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்று, சபையில் பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு பெயிண்டர் போட்ட சட்டம் இது. மீறுகிறவர் அடுத்த நாடகம் வரை எல்லோருக்கும் டீ கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

போன வருஷம் பெயிண்டர் ஒரு சோக நாடகம் எழுதினார். ஒரு நாட்டில் ராஜாவின் படை சதுக்கத்தில் கூடிய ஜனங்களைக் கொன்றுவிடுகிறது. செத்தவர்களுக்காக யாரும் அழக்கூடாது என்று ராஜா ஆணை போடுகிறார். அழுதால் ராஜா தப்பு செய்தார் என்று அர்த்தமாகிவிடுமாம். அரண்மனைத் துணி வெளுக்கும் ஒருத்தி, மகனைப் பறிகொடுத்தவள், சதுக்கத்தின் நடுவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுகிறாள். பிடித்து வருகிறார்கள். “அழுதாயா?” என்கிறார் ராஜா. “அழுதேன்.” “இனியும் அழுவாயா?” “அழுவேன்.” ராஜா கையை உயர்த்த, காவலன் மேடையின் பின்னால் இருக்கும் கறுப்புக் கதவைத் திறக்கிறான். அந்தக் கதவுக்குள் போனவர்கள் திரும்புவதில்லை. அவள் தலை நிமிர்ந்து உள்ளே போகிறாள், கதவு மூடுகிறது, திரை.

அந்த வேஷம் சங்கீத டீச்சருக்கு என்று எழுதியது. டீச்சருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. “வேற ஆளே இல்லையா?” என்று காவலனாக நடிக்கும் ரொட்டிக் கடைக்காரர் கையைப் பிசைந்தார்.

“நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் நிக்கறேனே, ஆளாத் தெரியலையா?” என்றார் அக்கா.

ஒத்திகை என்ற பெயரில் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். டிரைவர் “அழுதாயா?” என்று உறுமுவார். அக்கா அவரை நிமிர்ந்து பார்ப்பார். கிரீடத்துக்குள் இருக்கும் ‘பல்வலியா?’ நினைவுக்கு வரும். அவ்வளவுதான், முதல் சிரிப்பு, பிறகு இரண்டாவது. கடையிலிருந்து விதவிதமான கண் சொட்டு மருந்தெல்லாம் கொண்டுவந்து ஊற்றிப் பார்த்தார்கள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும், வாய் சிரிக்கும். வெளியூரில் படிக்கும் மகள் தினமும் போன் செய்து, “என்னம்மா, இன்னிக்காவது ஒழுங்கா செத்தியா?” என்று கேட்பாள். “எங்க சாக விடறாரு உங்கப்பா! மூஞ்சியைப் பாத்தாலே சிரிப்பு வருது” என்பார் அக்கா. பெயிண்டர் நாடகத்தையே கைவிட்டுவிடலாமா என்று யோசித்தார்.

அப்போதுதான் மில் வாசலில் அது நடந்தது. கூலி கேட்டுக் கூடியிருந்தவர்களைப் போலீஸ்காரர்கள் சுட்டார்கள். செத்தவர்களில் ஒருவன் அக்காவின் வாடிக்கைக்காரன். தலை நிறைய முடியும் வாய் நிறையப் பேச்சுமாக வருகிற பையன். மறுநாளிலிருந்து மில் வாசலில் யாராவது பூ வைப்பதும், காலையில் நகராட்சி வண்டி வந்து அதைக் கூட்டி அள்ளுவதுமாக இருந்தது. கூட்டம் கூடத் தடை, அஞ்சலிக்குத் தடை.

ஒருநாள் அந்தப் பையனின் அம்மா கடைக்கு வந்தார். அவன் கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். “இதுல என் பவருக்கு கண்ணாடி போட்டுத் தருவீங்களா? நான் போட்டுக்கறேன்” என்றார். பக்கத்துக் கடிகாரக் கடை வாசலில் போலீஸ் கிராப்போடு இரண்டு பேர், கையில் கடிகாரமே இல்லாமல் நேரம் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா அவர்களைப் பார்த்தார். வந்த அழுகையை அப்படியே விழுங்கினார். அக்கா வழக்கம்போல அந்தக் கண்ணாடியைத் தான் முதலில் போட்டுப் பார்த்தார். வெகுநேரம் அதைக் கழற்றவில்லை. நிறுத்தத்தில் பேருந்தோடு நின்ற டிரைவருக்கு அன்று கடையிலிருந்து சத்தமே வரவில்லை. நடத்துநர் இரண்டாவது தடவை விசில் கொடுத்த பிறகுதான் வண்டியை எடுத்தார்.

அன்று மாலை ஒத்திகையில் “அழுதாயா?” என்று கேட்டபோது, “அழுதேன்” என்றார் அக்கா. கண்ணீர் இல்லை, குரல் நடுக்கம் இல்லை. உங்களுக்கு பவர் கூடியிருக்கிறது என்று வந்தவரிடம் சொல்வதைப் போல, உள்ளதைச் சொன்னார். ரொட்டிக் கடைக்காரர் கதவைத் திறக்க மறந்து நின்றார்.

நாடகம் போட அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் இருந்த அதிகாரி நல்ல மனுஷர். வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் காபி கொண்டுவந்து, பெயிண்டர், அக்கா, டிரைவர் என்று வந்த மூவருக்கும் மூடியில் ஊற்றிக் கொடுத்தார். “கதை பிரமாதம். படிச்சுட்டுக் கண்ணு கலங்கிடுச்சு” என்றார். “அதுதான் பிரச்சனை.”

பெயிண்டர் தலையைச் சொறிந்தார்.

“முடிவை மட்டும் கொஞ்சம் மாத்திக்குங்க. யாரும் சாக வேணாமே. ராஜா அந்தம்மாவை மன்னிச்சிடறாரு. அந்தம்மா ஒரு கும்பிடு போட்டுட்டு வீட்டுக்குப் போறாங்க. ஜனங்களும் சந்தோஷமா வீட்டுக்குப் போவாங்க.”

“சார், நான் சாகணும்” என்றார் அக்கா.

“எதுக்கும்மா சாகணும்? நல்லா இருங்க.”

“நாடகத்துல சார்.”

“நாடகத்துலயும் நல்லா இருங்கம்மா. யார் சாகறதையும் அரசாங்கம் விரும்பறதில்ல.”

அக்காவுக்கு மூக்கோடு அந்தச் சின்னச் சிரிப்பு வந்தது. டிரைவர் இரண்டாவதற்காகத் தயாராகி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அது வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து முதல் சிரிப்பு மட்டும் வந்து நின்றதை அவர் பார்த்ததே இல்லை.

“ராஜா மன்னிச்சார்னா, அந்தம்மா தப்பு பண்ணினாங்கன்னு ஆயிடுதே சார்?” என்று அக்கா மெதுவாகக் கேட்டார்.

“சின்னத் தப்புதானேம்மா. பெரிய மனசு பண்ணி மன்னிக்கறாரு” என்ற அதிகாரி, டிரைவர் பக்கம் திரும்பினார். “ராஜா நீங்கதானே? நம்ம டிப்போவா? உங்க மேனேஜர் எனக்கு ரொம்ப வேண்டியவரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா வீட்டுல கேட்டுக்குவாங்க. நானும் முதல் வரிசையில வந்து உக்காந்து பாக்கறேன்.” மூடியில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினார். டிரைவர் அதைக் குடிக்காமல் மேசையிலேயே வைத்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது டிரைவர் சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தார். “இங்க பாரு. ஒரே ஒரு வரிதான். நான் மன்னிச்சேன்னு சொல்றேன், நீ ஒரு கும்பிடு போடு. வேலை போச்சுன்னா பொண்ணு படிப்பு என்னாகும், சொல்லு.”

“சரிங்க” என்றார் அக்கா.

டிரைவருக்குப் பகீரென்றது. எதற்கெடுத்தாலும் ஒரு வாதம், ஒரு கிண்டல், ஒரு சிரிப்பு என்று பழகிய பெண்பிள்ளை. எடுத்த எடுப்பில் சரி என்றால் யாருக்குத்தான் பயம் வராது? அந்த வாரம் முழுக்க அக்கா பரம சாதுவாக ஒத்திகை பார்த்தார். சொன்ன இடத்தில் கும்பிட்டார், சொன்ன பக்கமாகப் போனார். மகள் போனில், “அப்பா உன்னை மன்னிச்சுட்டாராமே?” என்று கேட்டாள். “ஆமாடி, பெரிய மனசு பண்ணிட்டாரு” என்றார் அக்கா. டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, “பேதைப் பெண்ணே, மன்னித்தோம், வீட்டுக்குப் போ” என்று வழி நெடுகச் சொல்லிப் பழகினார். பின்னால் உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தி, “எனக்கு அடுத்த ஸ்டாப்புங்க” என்றாள்.

நாடகம் நடந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. மண்டபத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். பெயிண்டருக்கு நகராட்சிப் பலகை எழுதும் வேலை போயிற்று. டிரைவரின் வேலை போகவில்லை, ஆனால் யாரும் விரும்பாத மலைப்பாதை வண்டியை ஓட்டுகிறார். அங்கேயும் கை காட்டினால் நிறுத்துகிறார். குழு இப்போது கண்ணாடிக் கடையின் பின்னறையில் ஒத்திகை பார்க்கிறது. வாடிக்கையாளர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடி, கண்ணாடியோடு ஓசி நாடகமும் பார்க்கிறார்கள். யாருக்கும் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. பெயிண்டர் மட்டும் இந்த நாடகத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், “என் வசனம் ஒண்ணுகூட மிஞ்சலையே!” என்று பொய்யாக அலுத்துக்கொள்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. முடிவு மாறிவிட்டது என்ற செய்தி எப்படியோ ஊருக்குள் பரவியிருந்தது. முதல் வரிசையில் அதிகாரி, பக்கத்தில் அவர் மனைவி, காலடியில் ஃபிளாஸ்க். ஓரத்து வரிசையில் மகனின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த அம்மா.

கடைசிக் காட்சி வந்தது. சிம்மாசனத்தில் டிரைவர், கறுப்புக் கதவருகே ஈட்டியோடு ரொட்டிக் கடைக்காரர், நடுவில் அக்கா.

“அழுதாயா?”

“அழுதேன்.”

“இனியும் அழுவாயா?”

“அழுவேன்.”

டிரைவர் மூச்சை இழுத்துக்கொண்டார். “பேதைப் பெண்ணே, மன்னித்தோம். வீட்டுக்குப் போ.”

அக்கா கும்பிடவில்லை. “எதற்கு?” என்று கேட்டார்.

டிரைவருக்குக் குழுவின் சட்டம் நினைவுக்கு வந்தது. கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். “அழுததற்கு” என்றார்.

“என் பிள்ளைக்கு நான் அழுதது தப்பா, அரசே?”

“தப்புதான்... சின்னத் தப்பு.”

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“நான் அழாவிட்டால் அவனுக்கு யார் அழுவது? நீங்கள் அழுவீர்களா?”

டிரைவர் பக்கவாட்டில் நின்ற பெயிண்டரைப் பார்த்தார். பெயிண்டர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். “நாங்கள்... எங்களுக்கு நிறைய வேலை இருக்கிறது” என்றார் ராஜா. மண்டபம் வெடித்துச் சிரித்தது.

“எனக்கும்தான் வேலை இருக்கிறது” என்று அக்கா சிம்மாசனத்துக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். “நான் வீட்டுக்குப் போவேன். போய் அழுவேன். மறுபடி பிடித்து வருவீர்கள், மறுபடி மன்னிப்பீர்கள். எதற்கு இந்த அலைச்சல்? கதவைத் திறக்கச் சொல்லுங்கள்.”

“திறக்க மாட்டோம்! நீ மன்னிக்கப்பட்டவள்!”

“எனக்கு வேண்டாம். வேறு யாருக்காவது கொடுங்கள்.”

“அரசே, திறக்கவா, பூட்டவா?” என்று ரொட்டிக் கடைக்காரர் தன் பங்குக்கு ஒரு கேள்வியைப் போட்டார். “சும்மா இரு!” என்று ராஜா உறுமியதில் கிரீடம் காதுவரை இறங்கியது. ஜனங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்துவிட்டார். பிறகு சிரிக்கலாமா என்று தெரியாமல் மனைவியைப் பார்த்தார். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சிரிப்பு ஓயும்வரை அக்கா உட்கார்ந்தே இருந்தார். பிறகு எழுந்தார். சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார். சத்தம் போடாமல், சிம்மாசனத்தைப் பார்த்துச் சொன்னார்: “அரசே, என் பிள்ளையை எடுத்துக்கொண்டீர்கள். அவனுக்காக நான் அழுதது என்னுடையது. அதையும் தப்பு என்று சொல்லி எடுத்துக்கொள்ளாதீர்கள்.”

ஓரத்து வரிசையில் அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதார். கடையில் விழுங்கியது, வீட்டில் விழுங்கியது எல்லாம் வெளியே வந்தது. யாரும் அவரை அடக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து நெருக்கமாக உட்கார்ந்துகொண்டார்கள். முதல் வரிசை திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கா காத்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் டிரைவருக்கு விஷயம் முழுக்கப் புரிந்தது. ராஜா சொன்னால்தான் கதவு திறக்கும். இவள் எவ்வளவு பேசினாலும், மன்னிப்பைக் கொடுத்தவனால்தான் அதைத் திரும்ப வாங்க முடியும். முன்கூட்டியே ஏன் சொல்லவில்லை என்பதும் புரிந்தது. நாளை யாராவது கூப்பிட்டு விசாரித்தால், எனக்கு ஒன்றும் தெரியாது, என் மனைவி பாட்டுக்குப் பேசினாள் என்று அவர் சத்தியம் பண்ணலாம். அதற்காக வழியைத் திறந்து வைத்திருக்கிறாள். இப்படி ஒருத்தியோடு இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோமே என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

முதல் வரிசையைப் பார்த்தார். அதிகாரி கண்ணாலேயே ‘வேண்டாம்’ என்றார். தலையை மெல்ல இடமும் வலமும் அசைத்தார். பிறகு, ஒரு வேளை டிரைவர் கவனிக்கவில்லையோ என்று, மடியில் இருந்த கையை லேசாக உயர்த்திக் காட்டினார்.

கை காட்டினால் நிறுத்திப் பழகிய மனுஷர். அன்று நிறுத்தவில்லை.

டிரைவர் சிம்மாசனத்தை விட்டு எழுந்தார். காதுவரை இறங்கிய கிரீடத்தை நேராக வைத்துக்கொண்டார். பேருந்தின் கடைசி இருக்கைவரை கேட்கிற அந்தக் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

“கொடுத்த மன்னிப்பைத் திரும்பப் பெற்றோம். கதவைத் திற!”

ரொட்டிக் கடைக்காரர் எத்தனையோ நாள் காத்திருந்தவர்போலக் கதவை முழுக்கத் திறந்தார். ஒரு பெண்ணைச் சாகச் சொன்ன ராஜாவுக்குச் சபை எழுந்து நின்று கை தட்டியது. எந்த ஊரிலும் எந்த ராஜாவுக்கும் அப்படி ஒரு கைதட்டல் கிடைத்திருக்காது.

அக்கா கதவை நோக்கி நடந்தார். நிமிர்ந்த தலை, அவசரமில்லாத நடை. வாசற்படியில் ஒரு கால் வைத்து நின்று, சிம்மாசனத்தின் பக்கம் திரும்பினார். சபைக்கு அவர் முகத்தின் ஒரு பாதிதான் தெரிந்தது, மகனை இழந்து சாகப் போகிற தாயின் முகம். யாருக்கும் தெரியாத மறுபாதியில் இருந்த கண்ணால் புருஷனைப் பார்த்து, பளிச்சென்று ஒரு தடவை கண்ணடித்துவிட்டு உள்ளே போனார்.